ஏணி பிடித்தவர்

புத்தகத்தின் முதுகில் பிளேடை வைத்து ஒரே இழுப்பாக இழுத்த பிறகுதான், "அப்பா, வேணாம்!" என்று மகள் ஓடி வந்தாள். கட்டிங் மாஸ்டருக்குக் கை அத்தனை சுத்தம். பிசிறில்லாமல், கோணாமல், புத்தகம் இரண்டு பாதியாக மேஜையில் கிடந்தது. வாடிக்கையாளரின் கோட்டுத்துணியில் இந்த நேர்த்தி வந்திருந்தால் கடை எங்கேயோ போயிருக்கும்.

தப்பு என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. இது இரண்டாம் பாகம்; முதல் பாகத்தையும் இப்படித்தான் வெட்டினார்கள். அப்பா, மகள் இருவருக்குமே பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. முன்பாதியை அவள் முடித்ததும் அது இவர் கைக்கு வரும். வெட்டுமேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் பின்பாதியில் பறக்க, இவர் முன்பாதியில் மூச்சு வாங்குவார். "இரு இரு, உனக்கு இருக்கு" என்று அவள் பயமுறுத்துவாள்.

கதையில் ஒரு நகரம். மேலே முழுக்க இரும்புக் கூரை. வானத்தைப் பார்த்தால் சிறை. முதல் பாகத்தின் முடிவில் கதாநாயகி கூரையில் ஓட்டை போட்டு ஏறித் தப்பிக்கிறாள். கீழே அவள் அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காவலர்கள் ஓடிவரும் சத்தம். அவ்வளவுதான், கதை நின்றுவிட்டது. "ஏணி பிடிச்சவன் கதி என்னாச்சுன்னு சொல்லாம என்ன புக்கு இது?" என்று மாஸ்டர், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் புலம்பினார். தங்கள் கழுத்தில் அவர் டேப்பு சுற்றியிருந்ததால் அவர்களும் தலையாட்டினார்கள்.

இரண்டாம் பாகம் வருவதற்குள் வீட்டிலேயே ஒரு கதை நடந்துவிட்டது. மனைவி வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். வேலைக்காக மட்டும் போகவில்லை. "நான் அழுதாலும் உங்களுக்கு ஒரு ஜோக்கு" என்றாள், பெட்டியை மூடிக்கொண்டே. அதற்கும் அவர் ஒரு ஜோக்கடித்தார். மகளுக்குப் பரீட்சை முடியும்வரை இங்கே என்று பேச்சு. பரீட்சையும் முடிந்தது. அப்புறம்? மனைவியைக் கேட்டால், "அவளையே கேளுங்க." மகளைக் கேட்டால், "பாப்போம்பா."

இன்று காலை கூரியரில் இரண்டாம் பாகம் வந்தது. அம்மா அனுப்பியது. மகள் பிரித்துப் பார்த்துவிட்டு வைத்திருந்தாள். அவள் கேட்பதற்குள் வெட்டிக் கொடுத்தால் இன்ப அதிர்ச்சியாக இருக்கும் என்றுதான் மாஸ்டர் பிளேடை எடுத்தார்.

இப்போது அவள் பின்பாதியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"என்னடா கண்ணு, போன தடவை வெட்டினப்ப கை தட்டினியே?"

"இது முழுசா இருக்கட்டும்னு நெனைச்சேன்பா."

"ஏன், பாதி பாதியா படிச்சா செரிக்காதா?"

அவள் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் பாவம் பார்த்தாவது சிரிப்பாள்.

"சரி விடு. தைச்சுத் தர்றேன். கோட்டே தைக்கிறவன், ஒரு புக்கைத் தைக்க மாட்டேனா?"

ஊசியை எடுத்தார். நூல் காதுக்குள் போவேனா என்றது. எச்சில் தொட்டுத் திரித்தார். அப்படியும் போகவில்லை. "கண்ணாடி மாத்தணும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. மகள் ஊசியையும் நூலையும் வாங்கிக்கொண்டாள்.

"அதுல கொஞ்சம் பாத்துச் சொல்லேன். ஏணி பிடிச்சவன் வர்றானா?"

"காலையிலயே கடைசி வரைக்கும் பொரட்டிட்டேன்."

"வர்றானா?"

"அவ மட்டும்தான்பா வர்றா. மழை பெய்யறப்பல்லாம் அவரை நெனைச்சுக்கறா."

ஏணிக்கு வாடகை யார் கொடுப்பது என்று ஒரு ஜோக்கு அவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். வாழ்க்கையில் அவர் விழுங்கிய முதல் ஜோக்கு அதுதான்.

"கண்ணு, அப்பா விளையாட்டுக்குக் கேக்கல. நீ அம்மாகிட்ட போறியா?"

நூல் ஒரே தடவையில் ஊசிக்குள் நுழைந்தது. அவள் நுனியில் முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். ஊசியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே சொன்னாள்:

"போறேன்பா. ஞாயித்துக்கிழமை. லீவுக்கு இல்ல, அங்கயே இருக்கறதுக்குத்தான்."