பொய்க்கேள்விகள்

நோயை நடிக்கிறவரைக் கண்டுபிடிக்க நான் உருவாக்கிய சோதனையில் நாற்பது கேள்விகள். அதில் பத்து, பொறி. செவ்வாய்க்கிழமை மட்டும் தலை இடிக்குமா, கண்ணை மூடினால் இடக்காது கேட்காமல் போகுமா என்று எந்த நோயிலும் இல்லாத குணங்குறிகள். ஐந்துக்கு மேல் ‘ஓம்’, அதாவது ஆம் என்று, வந்தால் ஆள் நடிக்கிறார். நோயாளியாக நடிக்கச் சொல்லி உட்காரவைத்த கம்பஸ் பிள்ளைகள் அத்தனை பேரும் வசமாக மாட்டினார்கள். புடவைக்கடைக்காரர் மகன் நான். இழுத்துப் பார்க்காமல் சரக்கை வெளியே விடுவேனா?

முதலில் வந்த மெய்யான ஆள் காத்தான்குடி கைறுன்னிஸா ராத்தா, என் அக்கா வயது. குவைத்தில் வீட்டுவேலையைப் பாதியில் விட்டு வந்தவர். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். நடிப்பென்று தெரிந்தால் சனிக்கிழமையே அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதாக, அவரை அங்கே வேலைக்கு அனுப்பிய ஏஜன்ட் உசனார் சொல்லிவிட்டு, முடிவுக்காகக் கல்லடியில் என் மருத்துவ அறை வாசலில் காத்திருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அண்ணன்.

“செவ்வாய்க்கிழமை மட்டும் தலை இடிக்குமா, ராத்தா?”

“ஓம் தம்பி. நல்லா இடிக்கும்.”

“இடக்காது?”

“அதுவும் கேக்காது.”

ஆறாவது ஓமிலேயே என் கணக்கில் அவர் நடிக்கிறவர் ஆகிவிட்டார். பத்துக்கும் ஓம்.

“உண்மையா இதெல்லாம் இரிக்கா, ராத்தா?”

அவர் குனிந்துகொண்டார். “நித்திரையும் நெஞ்சும் எண்டு ரெண்ட மட்டும் சொன்னா, நீங்க ஒண்ட வெட்டுவீங்க, உசனார் காக்கா மத்தத வெட்டுவாரு. பிறகு எனக்கு என்ன தம்பி மிஞ்சும்?”

கடையில் என் வாப்பா ஒருநாளும் இரட்டை விலைக்குக் குறைத்துச் சொன்னதில்லை. வாங்குகிறவர் பாதிக்குத்தான் கேட்பார். அதை யாரும் பொய்யென்று சொன்னதுமில்லை. பிள்ளைகள் நடித்தார்கள், இவர் விலை சொல்லியிருக்கிறார். நானோ முதல் விடைதான் செல்லும் என்று விதியும் எழுதி வைத்திருக்கிறேன்.

பொறுமையிழந்த உசனார் வாசல் பெல்லை அழுத்தினார்.

ராத்தா எழுந்துவிட்டார். சுவரோடு ஒட்டி நின்று, ஈரமே இல்லாத கைகளை அபாயாவில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கண் கதவிலேயே இருந்தது, குவைத் வீட்டில் பெல் அடித்து அவரைக் கூப்பிட்டவர்கள் வந்து நிற்பதுபோல. நாற்பது கேள்வியில் பெல்லைப் பற்றி ஒன்றுகூட நான் கேட்டிருக்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“இரிங்க ராத்தா, அது உங்களுக்கில்ல.”

அவர் உட்காரவில்லை.

கதவைத் திறந்தேன். “என்ன டொக்டர், நடிப்புத்தானே?” என்றார் உசனார்.

“நடிப்பில்ல காக்கா. பெயிலானது என்ட சோதின. அவ போகமாட்டா.”

உசனார் தாடியைத் தடவினார். “சரி, சனிக்கிழம வேணாம். அடுத்த மாசம் அனுப்புவமா?”

“ஒரே வில, காக்கா.”

பின்னால் அபாயாவில் கை உரசும் சத்தம் இன்னும் நிற்கவில்லை.