பூட்டிய வீட்டில் ஒரு பாட்டு

பொழுது விடிந்ததும் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் வந்து, ஆதிமூலத்தின் வீட்டுக் கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உள்ளே ஆதிமூலமும் அவன் மனைவி அம்சவள்ளியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டுச் சங்கராபுரம் சாலையில் நடந்த மறியலில் ஆதிமூலமும் போய் நின்றிருந்தான். போலீஸ் இப்போது வீடு வீடாக ஆம்பளைகளை அள்ளிக்கொண்டிருந்தது. பூட்டிய வீடென்றால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அந்த நேரம் பார்த்துக் கூண்டுக்குள் இருந்த குண்டுக்கரிச்சான் குருவி பாட ஆரம்பித்துவிட்டது!

பங்குனியில் கல்வராயன் மலையடிவாரத்தில் கண்ணி வைத்துப் பிடித்த ஆண் குருவி. "எனக்குன்னே பாடுது பாரு" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவன் ஆதிமூலம். அட மடையா, உனக்கா பாடுகிறது? முட்டையிடும் காலத்தில் ஆண் குருவி பொட்டையைக் கூப்பிடப் பாடும். 'இது என் இடம், கிட்டே வராதே' என்று இன்னொரு ஆணை விரட்டப் பாடும். வாசல் வேப்பமரத்தில் இன்னொரு ஆண் விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் இது பதில் சொன்னது. ஈரத்துணி போட்டு மூடியும் அடங்கவில்லை.

பூட்ஸ் சத்தம் கிட்டே வந்தது. ஆதிமூலம் கூண்டுக்குள் கையை விட்டுக் குருவியின் கழுத்தைப் பிடித்தான்.

"ஐயோ, நெரிச்சிடாதீங்க!" அம்சவள்ளி அவன் கையைப் பற்றிக் கிசுகிசுத்தாள். "ஒரு காலைக்கே நமக்கு உசுரு போவுதே. இது ஒரு மாசமா அடைஞ்சு கெடக்குது. இன்னா பாவம் பண்ணுச்சு? வுட்டுடுங்க."

உள்ளங்கையில் குருவியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. தன் நெஞ்சும் அப்படித்தான் அடிக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. அடுப்புக்கு மேலே புகை போக விட்டிருந்த சந்தில் கையை நீட்டி, குருவியை விட்டான்.

"பூட்டின வூட்டுக்குள்ள குருவி பாடுச்சே, இன்னாய்யா இது?" வாசலில் ஒரு போலீஸ்காரர் பூட்டை இழுத்து ஆட்டினார். அம்சவள்ளி புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

கூரை உச்சியில் கணீரென்று பாட்டு கிளம்பியது. வெளியே போன குருவி, வேப்பமரத்துக் குருவிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தொண்டை கிழியச் சொன்னது.

"அட, ஓட்டு மேல பாடுதுய்யா. வா, போலாம்."

பூட்ஸ் சத்தம் தெருமுனை தாண்டியது. சாயங்காலம் ராஜாம்பாள் பூட்டைத் திறந்தபோது, ஆதிமூலம் கூண்டை மிதித்து நொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா தம்பி, ஆசையா செஞ்ச கூண்டாச்சே?"

"பூட்டுக்குள்ள கெடந்தாத்தான் தெரியுதுக்கா. அது பொண்டாட்டி தேடிப் பாடுற நேரத்துல புடிச்சாந்து, எனக்குப் பாடுதுன்னு பூரிச்சிக்கினு இருந்தேன். நம்ம சந்தோசத்துக்கு இன்னொரு உசுர அடைச்சு வைக்கக் கூடாதுக்கா. அது எந்த உசுரா இருந்தாலும் சரி."