மலர்வளையத்துக்கு எட்டுத் திருத்தம்

எங்கள் விளம்பரக் கம்பெனியில் முதலாளியை 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். "இது ஆபீஸ் இல்ல, குடும்பம்" என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார். குடும்பம் என்பதற்குச் சாட்சியாக, அவருடைய கொழுந்தியாளே எங்களுக்கு மகிழ்ச்சி மேலாளர். மாதாமாதம் பலூன் ஊதிக் கட்டுவதும், யார் எத்தனை நிமிஷம் கழிவறையில் இருந்தார்கள் என்று மாமாவிடம் ஒப்பிப்பதும் அவள் வேலை. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் பலூன். அவருக்கு வைத்த பெயர் மகாப்பிரபு.

நான் அங்கே வாசகம் எழுதினேன். எதிர் மேஜையில் ஓவியர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். அவர் தூங்குகிற குழந்தையை வரைந்தால், பக்கத்தில் நின்று பேசக்கூட நமக்குக் கூச்சமாக இருக்கும். மகாப்பிரபு அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னைத் தூக்கி அடிக்கலையே" என்பார். அவரைத் தூக்கி அடிப்பதற்காக ஒரே தலையணையைப் பத்தொன்பது நீலத்தில் வரைந்த ஆள் ஓவியர். எனக்கு உண்மையிலேயே அண்ணன் என்று கூப்பிடத் தோன்றியது அவரைத்தான். அந்தச் சொல்லை இன்னொருத்தர் பிடுங்கி வைத்திருந்ததால் 'சார்' என்றே கூப்பிட்டு வந்தேன்.

தாயில்லாத அவரை வளர்த்தது அக்கா. அந்த அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் பார்த்து மெத்தைக் கம்பெனி விளம்பரம் எங்கள் தலையில் விழுந்தது. ஓவியர் இரண்டு நாள் லீவு கேட்டார். மகாப்பிரபு அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, "உங்க அக்கா எனக்கும் அக்காதான். ஆனா நீங்க போய்ப் பக்கத்துல உட்கார்ந்தா எழுந்துடப் போறாங்களா? டாக்டர் வேலையை டாக்டர் பாக்கட்டும், நம்ம வேலையை நாம பாப்போம்" என்றார்.

"சரிங்கண்ணா" என்று ஓவியர் வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்தில் முதலாளியைவிட இவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவருக்குப் போன் வந்தது. "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டார். செய்துகொண்டிருந்த படத்தைக் கணினியில் சேமித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்கா போயிட்டாங்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நானும் பையை எடுத்தேன். அதற்குள் பலூன் கைதட்டினாள்.

"எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க. அண்ணா கூப்பிடறார்."

மகாப்பிரபு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் சரியாக ஒன்றரை நிமிஷம் நின்றது.

"கம்பெனி சார்பா மலர்வளையம் வைக்கிறோம். அதுல ஒரு வாசகம் வேணும். சும்மா 'ஆழ்ந்த அனுதாபம்'னு போட்டா, அப்புறம் நாம என்ன கிரியேட்டிவ் கம்பெனி?"

நான் ஒரு தாளில் எழுதி நீட்டினேன்: 'அக்கா, உங்கள் தம்பியோடு நாங்கள் இருக்கிறோம்.'

"இதுல கம்பெனி பேர் எங்கம்மா?"

சேர்த்தேன். மறுபடி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரொம்பச் சோகமா இருக்கு."

"சாவுங்கண்ணா" என்றேன்.

"சாவுதான், யார் இல்லேன்னா? ஆனா ஒரு பாசிட்டிவ் எனர்ஜி வேண்டாமா?"

மூன்றாவது திருத்தத்தில் 'அக்கா' போய் 'சகோதரி' வந்தாள். நாலாவதில் அக்காவே திரும்பி வந்தார். வாசகம் எழுதுகிற ரிப்பன், கம்பெனி நிறமான ஆரஞ்சில் இருக்க வேண்டும் என்றாள் பலூன். கணக்கர் மட்டும் மெல்ல, "நாலு மணிக்கு எடுக்கறாங்களாம்" என்றார். யார் காதிலும் விழவில்லை. மதியச் சாப்பாட்டை அங்கேயே வரவழைத்துத் தின்றுகொண்டே ஏழாவது திருத்தத்தை முடித்தோம்.

எட்டாவதாக மகாப்பிரபுவே விரலைச் சொடுக்கினார். "ஏம்மா, மெத்தைக்கு ஒரு லைன் எழுதினோமே! 'இனி எல்லாம் நிம்மதி.' இதைவிடப் பொருத்தமா என்ன இருக்கு?"

அது நான் எழுதிய வரி. அறையில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. நானும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாங்கள் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. எல்லாம் முடிந்து, பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓவியர் வாசற்படியில் நின்றார். பக்கத்தில் அவருடைய அத்தான், அக்காவின் கணவர், மூன்று நாள் தாடியோடு. மலர்வளையத்தை வைக்க இடமில்லாததால் மகாப்பிரபு அதை ஓவியர் கையிலேயே கொடுத்தார். கூட்டி வந்திருந்த போட்டோகிராபர் முகம் சுளித்தான்.

"வெளிச்சம் விழல. இன்னொரு தடவை வாங்குங்க சார்."

ஓவியர் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு தடவை வாங்கிக்கொண்டார். அத்தான் ரிப்பனைக் கையில் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இனி எல்லாம் நிம்மதி... யாருக்கு?"

மகாப்பிரபு இருமினார். ஓவியர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத வரியா அது? ஒரு வாரமாக அதன் கீழேதானே படம் போட்டுக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மகாப்பிரபு காருக்குப் போய் லேப்டாப்பை எடுத்து வந்தார்.

"நாளைக்கு பத்து மணிக்கு மெத்தைக்காரங்க வர்றாங்க. போர்வைக் கலர் மட்டும் கொஞ்சம் மாத்தணும். அஞ்சே நிமிஷம். உங்களைத் தவிர யாருக்கு வரும் அந்தக் கலர்?"

ஓவியர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்தார், லேப்டாப்பை மடியில் வாங்கினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்வையின் நிறத்தை மாற்ற ஆரம்பித்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். மகாப்பிரபு போட்டோகிராபரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "எடு, எடு. இதான் அர்ப்பணிப்பு!"

நான் அவர் பக்கத்தில் போனேன். குனிந்து லேப்டாப்பை மூடினேன். ஓவியரின் விரலை விலக்கிவிட்டுத்தான் மூட வேண்டியிருந்தது.

"போதும், எழுந்திருங்கண்ணே" என்றேன். பிறகு லேப்டாப்பை மகாப்பிரபுவின் மார்பில் வைத்து அழுத்தினேன். "கார்ல ஏறுங்க சார்."

"என்னம்மா இது, குடும்பத்துக்குள்ள..."

"ஏறுங்கன்னேன்."

அத்தான் ஓரடி முன்னால் வந்தார். அவ்வளவுதான், குடும்பத் தலைவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் காருக்கு ஓடினார்.

இதனால் மகாப்பிரபுவுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மெத்தைக்காரர்கள் விளம்பரத்தை ஒப்புக்கொண்டார்கள். 'துக்கத்திலும் கடமை' என்று அந்தப் போட்டோவைப் போட்டு ஊரெல்லாம் பாராட்டு வாங்கினார். 'நம் குடும்பப் பண்பாட்டுக்கு நீங்கள் பொருந்தவில்லை' என்று எனக்கு வந்த கடிதத்தில் பலூன் இரண்டு எழுத்துப்பிழை விட்டிருந்தாள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஓவியர் வேலைக்குப் போனாராம். மகாப்பிரபு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி அவருக்குக் கைதட்ட வைத்தாராம். கணக்கர்தான் போனில் சொன்னார். கைதட்டல் ஓயும்வரை ஓவியர் அப்படியே நின்றிருக்கிறார். பிறகு படி இறங்கிப் போய்விட்டார். திரும்பவே இல்லை.

போன வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அத்தானும் அவரோடுதான் இருக்கிறார். ஓவியர் இப்போது பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் படம் போட்டுக் கொடுக்கிறாராம். பேச்சோடு பேச்சாக, "அந்த ஆள் மேல உங்களுக்குக் கோபமே வரலையாண்ணே?" என்று கேட்டேன்.

"அவன் மேல என்னம்மா கோபம்? அவன் அப்படித்தான்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்த ரெண்டு நாள் லீவுக்கு அவன்கிட்ட நான் ஏன் கேட்டுக்கிட்டு நின்னேன்? எழுந்து போயிருக்கணும்" என்றார்.

அத்தான் எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டார்.