பன்னிரண்டாவது பதக்கம்

என் வீட்டுக்காரர் சின்னையா வாரத்தில் ஐந்தரை நாள் செந்தூல் பட்டறையில் ரயில் பெட்டிகளுக்குச் சாயம் அடிப்பார். மீதி ஒன்றரை நாள் தன் முகத்துக்கு அடித்துக்கொள்வார். நாடகத்தில் ராஜபார்ட். மலாயாவில் ரவாங்கிலிருந்து கிள்ளான் வரை எங்கே கொட்டகை போட்டாலும் அவர்தான் ராஜா. நான் புஷ்பவல்லி, அந்த ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் முப்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தனியாகக் கழித்தவள்.

அவருடைய பேர்பெற்ற வேஷம் நாடிழந்த ராஜா. கந்தல் துணியோடு காட்டில் கஞ்சிக்குக் கையேந்துவார். அந்தக் கந்தலின் மேல் பதினொரு தங்கப் பதக்கம் மின்னும். ரசிகர்கள் நாடகத்தின் நடுவே மேடையேறிக் குத்திவிட்டவை. "ஒண்ணை வித்தா ஒரு வருஷத்துக்குக் கஞ்சி குடிக்கலாமே, ராஜா எதுக்குப் பிச்சை எடுக்கிறாரு?" என்று ஒருமுறை கேட்டேன். "குடுத்தவங்களுக்கு மரியாதை பண்ண வேணாமா?" என்று கோபித்துக்கொண்டார். எல்லா ராஜபார்ட்டும் அப்படித்தானாம்.

1932இல் அவருக்கு அறுபத்தொன்று. முழங்கால் மடக்கினால் நிமிராது. அந்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னை, ரங்கூன், டர்பன், கொழும்பு என்று நாலு ஊர்ப் பெரியவர்கள் கூடிய சர்வதேசத் தமிழ் நாடக சங்கம், ஆயுட்கால சேவைக்கான தங்கப் பதக்கத்தை அவருக்கு அறிவித்திருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். அடியில் ஒரு நிபந்தனையும் இருந்தது. ஆயுட்காலப் பரிசு என்பதால், மேடையை விட்டு விலகுகிறவருக்கே கொடுப்பார்களாம். பதக்கம் வாங்கிய கையோடு மங்களம் பாடி, இனி வேஷம் கட்டுவதில்லை என்று சபையில் சொல்லிவிட வேண்டுமாம். சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மங்களம் பாடினால் நாடகம் முடிந்தது. அதற்குப் பிறகு எந்த நடிகனும் வாய் திறக்க மாட்டான்.

அவர் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "கையெழுத்துப் போடுங்க," என்றேன். "முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சு என் கை தேஞ்சு போச்சு. மிச்ச ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருங்க." போட்டுக் கொடுத்தார். மனசு மாறுவதற்குள் நானே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கிள்ளானில் ஒரு ஞாயிறு பிற்பகல் நாடகத்தோடு பரிசளிப்பும் ஏற்பாடாயிற்று. சங்கத்தின் பிரதிநிதி கனகசபை என்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டும் தலைப்பாகையுமாகக் கப்பலில் வந்து இறங்கியிருந்தார். நாடகம் முடிந்ததும் பரிசு தருவதாகப் பேச்சு. ஆனால் கப்பல் ராத்திரிக்குப் பதில் சாயங்காலமே கிளம்புவதாக நடுவில் தகவல் வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நேரே மேடையேறினார். ராஜா அப்போது காட்டில் கஞ்சிக்கு அலைந்துகொண்டிருந்தார். சபை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதக்கத்துக்காக நாடகம் நிற்பது வழக்கம்தானே.

சின்னத் தட்டு அளவுக்குப் பதக்கம். கந்தலின் இடது பக்கம் குத்தினார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

"இனி நீங்கள் மங்களம் பாடி, மேடையேற மாட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும்," என்றார் கனகசபை.

ஆர்மோனியக்கார நாகையா துருத்தியில் கை வைத்தார். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு காதைச் சொறிந்தார்.

சபைக்கு அது காதைச் சொறிவது. எனக்கு அப்படியில்லை. நாடகத்தில் அழுதால் மேல்துண்டால் கண்ணை ஒற்றுவார், கடைசி வரிசைக்கும் தெரியும்படி. நிஜமாகவே அழுகை வந்தால் காதைச் சொறிவார். எங்கள் மகள் கல்யாணமாகி ரயிலேறியபோது சொறிந்தார். அதற்குப் பிறகு இப்போதுதான். கையெழுத்து வாங்கிய பாவி நான்தானே.

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். ஆண்கள் பக்கத்தைப் பிரித்துக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நிறுத்துங்க! ராஜா இன்னும் காட்டுல நிக்கிறாரு. ராணியக்கூடப் பார்க்கல. அதுக்குள்ள என்ன மங்களம்? டிக்கெட் வாங்கினவங்க என்ன இளிச்சவாயங்களா?"

"அதானே!" என்று சபை முழுக்கக் கத்தியது.

"அம்மா, கப்பல் எனக்காக நிக்காது," என்றார் கனகசபை பாவமாக.

"நீங்க போயிட்டு வாங்கய்யா. மங்களம் பாடினதும் நானே அவரு நெஞ்சுல குத்திவிடறேன்."

அவர் என்னைப் பார்த்தார், காதில் கை வைத்த ராஜாவைப் பார்த்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு. பதக்கத்தைக் கழற்றிப் பெட்டியோடு என்னிடம் கொடுத்தார். "மங்களம் பாடின பிறகுதான், சரியோ? இது உங்கட பொறுப்பு," என்று சொல்லிவிட்டு வண்டிக்கு ஓடினார்.

நாடகம் தொடர்ந்தது. ராஜா ராணியைக் கண்டார், நாட்டுக்குத் திரும்பினார். அன்றைக்கு அவர் பாடியதுபோல் நான் கேட்டதே இல்லை. முடிவில் நாகையா மங்களத்துக்குச் சுருதி பிடித்தார். என் வீட்டுக்காரர் பெண்கள் பக்கம் திரும்பினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் நாகையாவுக்குச் சைகை காட்டினார். ஆர்மோனியம் மூடிக்கொண்டது, திரை விழுந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை! மங்களம் பாடாமல் எப்படி எழுந்திருப்பார்கள்? அரை மணி நேரம் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நானே மேடையேறி, "முடிஞ்சிருச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க," என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆறு வருஷமாகிறது. எங்கள் கோஷ்டி இன்றுவரை மங்களம் பாடுவதில்லை. அபசகுனம் என்று சிலர் முணுமுணுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டும் வாங்குகிறார்கள். சபையை வீட்டுக்கு அனுப்புவது என் வேலையாகிவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கொட்டகையில்தான். வருஷத்துக்கொரு தரம் கனகசபையிடமிருந்து கடிதம் வரும்: "மங்களம் பாடியாயிற்றா?" நானும் பதில் போடுவேன்: "இன்னும் இல்லை, ஐயா. பதக்கம் பத்திரமாக இருக்கிறது."

வேஷம் கட்டும்போது பதக்கங்களைக் குத்திவிடுவதும் இப்போது நான்தான். பதினொன்றையும் நெருக்கிக் குத்தி, இடது பக்கம் சின்னத் தட்டு அளவுக்கு இடம் விடுவேன். அவர் அந்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்ப்பார். காதைச் சொறிந்துகொண்டே மேடைக்குப் போவார்.