பென்சிலில் ஒரு திருத்தம்

ஃப்யூனரல் ஹோம் ஆள் நீட்டிய ஜிப்லாக் பையை வாங்கிக்கொண்டு ஷ்யாமளா கையெழுத்துப் போட்டாள். உள்ளே அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பாதி தேய்ந்த ஒரு பென்சில். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூடச் சட்டைப் பையில் பென்சிலைச் சொருகிக்கொள்ள மறக்காத மனிதர்.

"ஷ்யாமளா, பிரிண்ட் பிரமாதமா வந்திருக்கும்மா!" வெங்கடாசலம் அங்கிள் அட்டைப்பெட்டியோடு வந்தார். "நூத்தி இருபது போட்டிருக்கேன். ஃப்ரிஸ்கோ, ப்ளேனோலேர்ந்தெல்லாம் டிரைவ் பண்ணி வராங்க. அப்பாவுக்கு எவ்வளவு மரியாதை பாரு."

டெக்சாஸில் இருக்கும் இந்தக் காப்பெல் ஊரின் தமிழர் வீடுகளில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர்தான் முன்னால் நிற்பார். ஐயருக்கு ஃபோன் போடுவதிலிருந்து வந்தவர்களுக்குக் காபி ஊற்றுவதுவரை தன் வீட்டுக் காரியமாகச் செய்வார். ஒரே குறை, கையில் மைக் கிடைத்தால் விடமாட்டார். இன்றைக்கும் பேசப்போவது அவர்தான்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். பொன்னாடை போர்த்திய அப்பாவின் படம். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில்: திரு. நாகரத்தினம், கனடா விமானப்படை விமானி (ஓய்வு).

அப்பா விமானி இல்லை. விமானப்படைப் பக்கமே போனதில்லை. ஜன்னலோர சீட் கிடைத்தால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறவர் அவர்.

நாலு நாள் முன்பு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஷ்யாமா, ஒண்ணே ஒண்ணு. அந்த பைலட் சமாச்சாரம்... நான் போனப்புறம் எதுலயும் எழுத வேண்டாம்மா."

"சரிப்பா."

"வாயால சொன்னது போகட்டும். எழுத விட்டுடாத."

"சரின்னேனேப்பா."

அவர் அவளிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். நேற்றுக் காலை இந்தத் தாளின் டிராஃப்ட் வாட்ஸப்பில் வந்தபோது, 'அங்கிள், அந்த வரியை எடுத்துடுங்க' என்று எழுதினாள். அழித்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஏழு வருஷப் பொய்யை எங்கிருந்து ஆரம்பிப்பது? கடைசியில் கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டுப் பூ ஆர்டர் பண்ணப் போய்விட்டாள்.

அப்பா வேலை பார்த்தது மானிடோபாவில், ஒரு சின்ன ஊர் நூலகத்தின் நிலவறையிலிருந்த ஆவணக் காப்பகத்தில். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அந்த ஊருக்கு வெளியே விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்று நடந்திருக்கிறது. எங்கெங்கிருந்தோ பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள் வந்து மஞ்சள் விமானங்களில் பறக்கக் கற்றார்கள். சிலர் யுத்தத்தைக் கண்ணால் பார்க்காமலே கோதுமை வயலில் விழுந்து செத்தார்கள். அங்கே இருந்தவர்கள், ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்டை. பழைய லாக் புத்தகம், செய்தித்தாள், சர்ச் பதிவேடு என்று பார்த்துப் பார்த்து அந்த அட்டைகளைச் சரிசெய்வதுதான் இருபத்தாறு வருஷமும் அப்பாவின் உத்தியோகம். மை சிந்திவிடும் என்று பேனாவை அந்த அறைக்குள் விடமாட்டார்கள். தப்பான வரியைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தன் முதலெழுத்தும் தேதியும் போடுவார்.

ஷ்யாமளாவுக்கு அந்த வேலை சின்ன வயசிலிருந்தே கூச்சம். அம்மா போன பிறகு அப்பா காப்பெலுக்கு வந்தார். முதல் பொங்கல் விழாவில் அங்கிள், "அப்பா கனடால என்னவா இருந்தார்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களின் அப்பாக்களில் ஒருவர் கலெக்டர், ஒருவர் சர்ஜன். "ஏர்ஃபோர்ஸ்ல..." என்று ஆரம்பித்தவள், பழைய ரெக்கார்டுகள் என்று முடிக்கவில்லை.

"பைலட்டா?"

அவள் தலையாட்டினாள். அப்பா பக்கத்தில்தான் நின்றார். மகளைப் பார்த்தார், பிறகு குனிந்து தட்டிலிருந்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட ஆரம்பித்தார். அப்புறம் வருஷா வருஷம் மேடை, பொன்னாடை. குனிந்த தலையோடு வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் மடித்து அவளுடைய அலமாரியில் வைத்துவிடுவார். ஏழு பொன்னாடைகளும் அங்கேதான் இருக்கின்றன. அவருடைய அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

பத்து மணிக்கு ஹால் நிறைந்தது. வாசலில் ஊன்றுகோலோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்றாள். யாரென்று தெரிந்ததும் ஷ்யாமளா கையிலிருந்த தாளைப் பின்னால் மறைத்தாள். மார்கரெட்!

ஷ்யாமளா ஹைஸ்கூல் படிக்கும்போது இந்த மார்கரெட் நூலகத்துக்கு வந்து அப்பாவிடம் கத்தியிருக்கிறாள். தன் அப்பா அந்தப் பள்ளியில் விமானி என்று அவள் வீட்டில் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். அட்டையில் சமையல்காரர் என்று இருந்தது. மாற்றச் சொன்னாள். அப்பா குரலை உயர்த்தவில்லை. "தினமும் நானூறு பேருக்குக் காலைச் சாப்பாடு போட்டவர் உங்கள் அப்பா. செய்யாததை எழுதினால் அவர் செய்தது காணாமல் போய்விடும்," என்று தன் கரூர் இங்கிலீஷில் சொன்னார். அழுதுகொண்டே போனவள் அடுத்த மாதம் திரும்பி வந்தாள். அப்புறம் பல வருஷம், வாரம் இரண்டு நாள், சம்பளமில்லாமல் அப்பாவோடு உட்கார்ந்து அட்டை பார்த்தாள். இப்போது குளிர்காலத்துக்குத் தெற்கு டெக்சாஸ் வந்துவிடுகிறாளாம். செய்தி கேட்டு எட்டு மணி நேரம் காரோட்டி வந்திருந்தாள்.

மார்கரெட் ஷ்யாமளாவைக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, கண்ணாடி மாட்டித் தாளைப் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். நிமிர்ந்து ஷ்யாமளாவைப் பார்த்தாள். பிறகு தாளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அங்கிள் மைக்கைப் பிடித்தார். வானம், வீரம், சிங்கம் என்று எங்கெங்கோ போனார். நடுவில் அவர் குரல் உண்மையாகவே உடைந்தது. அதுதான் ஷ்யாமளாவை இன்னும் குத்தியது. இந்த நல்ல மனுஷனை அழ வைத்திருப்பது தன் பொய். பக்கத்தில் மகள் ஸ்ம்ருதி, தாத்தா படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். எழுந்து நிறுத்த வேண்டும் என்று ஷ்யாமளா மூன்று தடவை நினைத்தாள். மூன்று தடவையும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாய்க்கரிசி போடறவங்க வரலாம். மொதல்ல பொண்ணு வாம்மா," என்றார் ஐயர்.

அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள். நெற்றியில் விபூதி. வெளுத்த சட்டையில் பை காலியாக இருந்தது. பென்சில் இல்லாமல் அந்தப் பையை அவள் பார்த்ததே இல்லை. மூடிய கை திறக்க மாட்டேன் என்றது. வாக்குக் கொடுத்து நாலே நாள்தான் ஆகிறது. எந்த முகத்தோடு இந்த வாயில் அரிசி போடுவது?

அரிசியைத் தட்டிலேயே திருப்பிப் போட்டாள். நாற்காலியிலிருந்த ஜிப்லாக் பையைப் பிரித்துப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தாள்.

"அங்கிள், அந்த ஷீட்டக் கொஞ்சம் குடுங்க."

"என்னம்மா?"

"தப்பா இருக்கு. அப்பா பைலட் இல்ல. ரெக்கார்ட்ஸ் கிளார்க். அன்னிக்கு நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். அவர் சொல்லல."

அங்கிளின் முகம் சுருங்கிப்போனது. குரலைத் தாழ்த்தி, "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? எல்லாரும் பாக்கறாங்க. அப்புறமா பாத்துக்கலாம்," என்றார்.

"அப்புறம் அவர் இருக்க மாட்டாரு, அங்கிள்."

அவர் தாளைக் கொடுத்தார். அவள் மண்டியிட்டு, அவர் நாற்காலிக் கையில் வைத்து அந்த வரியை அடித்தாள். பக்கத்தில் 'ஆவணக் காப்பக எழுத்தர், 26 வருடம்' என்று எழுதி, தன் முதலெழுத்தையும் தேதியையும் போட்டாள்.

"மாம்," என்றாள் ஸ்ம்ருதி. "ஐ ரோட் அன் எஸ்ஸே அபவுட் ஹிம்."

"தெரியும்டா. உன்கிட்டயும் நான்தான் பொய் சொன்னேன்."

ஸ்ம்ருதி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளை மட்டும் நீட்டினாள்.

ஒவ்வொருவரிடமாகப் போனாள். சிலர் தாளைத் தாங்களாகவே கொடுத்தார்கள். சிலர் ஃபோனைப் பார்த்தார்கள். ராஜலக்ஷ்மி ஆன்ட்டி, "விடும்மா, பரவாயில்ல," என்று கையைப் பிடித்தாள். அந்தப் பரவாயில்லை கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. க்ரிமடோரியத்து ஆள் கதவோரம் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஐயர் அவரிடம் ஏதோ சொல்லி நிறுத்தி வைத்தார்.

மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பென்சில் முனை மரம்வரை தேய்ந்துவிட்டது. அழுத்தினாள். தாள் கிழிந்ததே தவிர எழுத்து விழவில்லை. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஒருவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

மார்கரெட் கைப்பையைத் திறந்து, சீவி வைத்திருந்த ஒரு பென்சிலை எடுத்தாள். மடியில் கவிழ்த்து வைத்திருந்த தாளைத் திருப்பி, இரண்டையும் சேர்த்து அவளிடம் நீட்டினாள்.