எதிர்த்தரப்பு கேட்காத கேள்வி

"அந்தப் பொட்டப் பிச்சு எறிஞ்சுட்டு வண்டி ஏறு."

அமராவதி வாசலை மறித்து நின்றாள். எதிரே அவளுடைய மருமகள் சித்ராதேவி, பனியன் கம்பெனிக்குப் போகும் சுடிதாரில், நெற்றியில் மெரூன் ஸ்டிக்கர் பொட்டோடு நின்றாள்.

வேலம்பாளையத்து லைன் வீட்டின் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்திய வக்கீல் விஜயராணிக்கு எரிச்சலாக வந்தது. சித்ராதேவியின் கணவன் குமாரவேல் கம்பெனி வேன் கவிழ்ந்து செத்துப்போன இழப்பீட்டு வழக்கில் இன்றைக்குத்தான் சாட்சி.

"நேரமாச்சு, விடுங்கம்மா."

"ஏனுங் மேடம், நீங்கதானுங்களே சொன்னீங்க? வெளுத்த சேலை கட்டிட்டு, பூவும் பொட்டும் இல்லாம வந்தாத்தான் ஜட்ஜய்யா மனசு எரங்கும்னு?"

விஜயராணிக்குச் சுருக்கென்றது. சொன்னது அவள்தான்.

அவளுடைய அம்மா சீனியம்மாள் விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் துணி வெட்டும் கட்டிங் மிஷினில் நான்கு விரல்களை இழந்தவள். "முந்தானையால மூடாத. கையத் தூக்கிக் காட்டு. கொஞ்சம் அழு" என்றார் அப்போதைய வக்கீல். நிறைந்த கோர்ட்டில் அம்மா கையைத் தூக்கிக் காட்டி அழுததைப் பள்ளிச் சீருடையோடு பார்த்துக்கொண்டிருந்தாள் விஜயராணி. அடிபட்டவர்களைப் பிச்சை கேட்க வைக்காத வக்கீலாக வேண்டும் என்ற வைராக்கியத்தில்தான் சட்டம் படித்தாள்.

தொழில் வேறு பாடம் சொன்னது. செயற்கைக் காலோடு நிமிர்ந்து நடந்து வந்த கட்சிக்காரரைப் பார்த்து, "நல்லாத்தானே நடக்கிறார்" என்று நீதிபதியே கேட்டுவிட்டார். அதே மாதிரிக் காலோடு அடுத்து வந்தவரிடம், "அதக் கழட்டி வச்சுட்டு வாங்கண்ணே" என்று விஜயராணி தன் வாயாலேயே சொன்னாள். அப்புறம் அது பழகிவிட்டது.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானே, சித்ரா?"

"தெனமும் இப்படித்தானுங்க மிஷின்ல உக்கார்றேன். சாட்சி சொல்லத்தானுங்களே கூப்பிட்டாங்க, வேசம் கட்டவா கூப்பிட்டாங்க?"

மாமியாரின் கையை மெல்ல விலக்கிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டாள்.

கோர்ட்டில், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் பார்த்தது அவள் நெற்றியைத்தான்.

"மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிற எண்ணம் இருக்குதுங்களா?"

விஜயராணி துள்ளி எழுந்தாள். "அப்ஜெக்ஷன், ஐயா! மறுமணம் இழப்பீட்டுக்குத் தடையில்லைன்னு மேல்கோர்ட்டுகளே சொல்லியிருக்கு."

"சாட்சி பதில் சொல்லட்டும்மா. அப்புறம் பார்க்கலாம்" என்றார் நீதிபதி.

சித்ராதேவி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வேன் ஓட்டுனவன் தூங்கிட்டானுங்க. அதனாலதானுங்க எங்கூட்டுக்காரரு செத்தாரு. அதுல என்ற நெத்திக்கு என்னங்க வேல?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி தட்டச்சரைப் பார்த்துச் சொன்னார்: "மறுமண எண்ணம் இருப்பதைச் சாட்சி மறுக்கவில்லை."

அடுத்ததும் அதே வேன் விபத்து. அதற்கும் விஜயராணிதான் வக்கீல். மனைவி கீதாஞ்சலியைப் பறிகொடுத்த மோகன்ராஜ் கூண்டேறினான். அவனோடு வந்த புது மனைவி, கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறோடு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்சூரன்ஸ் வக்கீல் அவளையும் பார்த்தார். கீதாஞ்சலி என்ன வேலை செய்தாள், ஓவர்டைம் பார்ப்பாளா என்று மட்டும் கேட்டுவிட்டு, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

விஜயராணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தக் கேள்வி. ஆனால் மோகன்ராஜ் அவளுடைய கட்சிக்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு கேஸ் கட்டைப் புரட்டினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சித்ராதேவி நின்றிருந்தாள்.

"அவரக் கேக்கவே இல்லீங்களே மேடம்?"

"இல்ல."

"கேட்டிருந்தா நீங்க எந்திரிச்சுத் தடுத்திருப்பீங்க."

"அது என் வேலை, சித்ரா."

"அவிய கேக்க மாட்டாங்க. நீங்க கேக்க முடியாது. அப்ப ஆருதானுங்க கேப்பாங்க?"

விஜயராணி ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சித்ராதேவி மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள்.