வஞ்சிரம் பிடித்த இடம்

"கோபி எங்க உழுந்தான்? எடத்தச் சொல்லுப்பா."

வஞ்சிரம் பிடிப்பவனிடம் இடம் கேட்கக் கூடாது. மரக்காணத்துக் குப்பத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். என்றைக்காவது வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகப்போகிற பெண் வாயே திறக்கக் கூடாது. கலைமதி கேட்டுவிட்டாள்.

அப்பா பச்சைமுத்து சோற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஆலம்பரைக்கு நேரா. எத்தினி வாட்டி சொல்றது?"

தம்பி கடலில் விழுந்து பன்னிரண்டு நாள். கொக்கியைக் கவ்விய வஞ்சிரம் ஓடிய வேகத்தில் தூண்டிலின் தங்கூசி நரம்பு மணிக்கட்டில் சுற்றி அவனையும் இழுத்துக்கொண்டது என்று அப்பா தனியாகக் கரையேறி வந்து சொன்னார். பதினெட்டுப் படகுகள் வடக்கே ஆலம்பரைக்கு நேராக நாலு நாள் தேடின. சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை. இன்றுதான் அப்பா மறுபடி கடலுக்குப் போனார். ஏழு வஞ்சிரத்தோடு வந்தார்.

"ஆலம்பரைக்குப் போய் வர அரைக் கேன் டீசல் போதும். அன்னிக்கி நான்தான் ரொப்பிக் குடுத்தேன். காலி கேனு வந்திச்சி. இன்னிக்கும் காலி."

"திண்டிவனம் காலேஜுல இதான் சொல்லிக் குடுத்தாங்களாடி, பெத்தவன நிக்க வச்சிக் கேக்க?" என்றாள் அம்மா கெங்கம்மாள், மீன் ஆய்ந்துகொண்டே.

"கணக்கு சொல்லிக் குடுத்தாங்க. அதான் கேக்கறேன்."

பச்சைமுத்து தண்ணீர் குடித்தார்.

"தெக்க. நம்ம பாருல."

கடலடியில் அவர் மட்டும் அறிந்த பாறைத்திட்டு. ஆடியில் வஞ்சிரக் கூட்டம் வந்து ஒரு மாதம் நிற்கும் இடம்.

"தண்ணி வடக்கதான் ஓடிச்சி, கலை. சாயங்காலத்துக்குள்ள ஆலம்பரைக்கே வந்துருவான்னு நெனச்சேன். அங்க தேட வுட்டா அவனும் கெடைப்பான், பாரும் நம்மளோடயே இருக்கும்னு..."

"வரலியே."

"ராத்திரி தண்ணி திரும்பிக்கிச்சி."

"திரும்பிச்சின்னு மறுநாளு தெரியுமில்ல? சொல்றதுக்கு இன்னா?"

அவர் மறுபடி சோற்றைப் பிசைந்தார். அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "ஒனக்கும் தெரியுமா?"

கெங்கம்மாள் செவுளைப் பிய்த்து எறிந்தாள். "மொத நாளே சொன்னாரு. போன புள்ள போய்ட்டான். இருக்கறவளுக்கு நாலு பவுன் போட வாணாமா?"

"நான் கேட்டனா?"

கத்தவில்லை. கத்துவதற்குக்கூட அருவருப்பாக இருந்தது. அந்த நாலு நாளும் அவள் கரையிலேயே நின்றிருந்தாள், வடக்கே பார்த்துக்கொண்டு.

தட்டுக்குப் பக்கத்தில் படகின் ஜிபிஎஸ் கருவி கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, இடத்தைக் குறிக்க எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அவள்தான் கற்றுக்கொடுத்தாள். எடுத்துத் திறந்தாள். கடைசியாகக் குறித்த இடத்தின் எண்கள் தேதியோடு இருந்தன. தேதி இன்றையதல்ல. பன்னிரண்டு நாளுக்கு முந்தையது, கோபி விழுந்த அன்றையது.

"ஏய், அத்த எங்க எடுத்துக்கினு போற? கரையில அத்தினி பேரும் குந்திக்கினு கீறானுங்க!" என்று கத்தினார் அப்பா.

"அதான் போறேன்."

தட்டு உருளும் சத்தம் கேட்டது. எண்களை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி கலைமதி கரைப் பக்கம் நடந்தாள்.